முதலில் லோடை மாற்றுங்கள்: ஹார்ட் டிஸ்க் பழுதானால் கணக்கை மீட்பது எப்படி?

உங்கள் கம்ப்யூட்டருக்குள் இப்போது ‘டக்… டக்… டக்’ என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். முதலில் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். ஷட்டவுன் ஆக அடம்பிடித்தால் பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் வந்து நிதானமாகப் படியுங்கள். ஓடாமல் இருக்கும் டிஸ்க் மேலும் கெடாது.

முட்டை ஏற்றிய லாரி தொப்பூர் கணவாயில் ஆக்சில் உடைந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது என்று நாமக்கல்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு வண்டியை வரவழைத்து லோடை மாற்றுவார். உடைந்த வண்டியைப் பிறகுதான் பட்டறைக்கு இழுப்பார். லோடோடு சேர்த்து உருட்டிப் பார்க்க மாட்டார்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் லோடோடு வண்டியை உருட்டுகிறோம். டிஸ்கைச் சரிசெய்யப் பார்த்து, உள்ளே இருந்த கணக்கைத் தொலைக்கிறோம். புது டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். மூன்று வருடப் பண்ணைக் கணக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் என்னதான் இருக்கிறது?

கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. மேலே மெல்லிய காந்தப் பூச்சு. நீங்கள் போடும் பில், எடுக்கும் போட்டோ எல்லாம் அந்தப் பூச்சில் காந்தப் புள்ளிகளாகப் பதிகின்றன. தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதன்மேல் ஒரு சிறு கை அங்கும் இங்கும் ஓடும். கையின் நுனியில் இருப்பதுதான் ‘ஹெட்’ (படித்து எழுதும் முனை).

இந்த ஹெட் தட்டைத் தொடவே தொடாது. சுற்றும் தட்டு எழுப்பும் காற்றின்மேல், தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இதை வைத்து அந்த இடைவெளியை எண்ணிப் பாருங்கள். தீவன மில்லில் பறக்கும் மக்காச்சோளத் தூசியில் ஒரு துகள் அதற்குள் போனால், நெடுஞ்சாலையில் பாறாங்கல் கிடந்த மாதிரிதான்.

நம் ஊரில் டிஸ்க் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

முதல் காரணம் மின்சாரம். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய பதிவு அப்படியே நின்றுவிடும். ‘யுபிஎஸ் இருக்கிறதே’ என்பீர்கள். பேட்டரி எப்போது மாற்றியது? கரண்ட் போன அடுத்த நொடியே கம்ப்யூட்டரும் அணைந்தால், அந்த யுபிஎஸ் வெறும் பெட்டிதான்.

இரண்டாவது சூடும் தூசியும். சித்திரை வெயிலில் தகரக் கூரை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் எப்படி வேகும் என்று உங்களுக்கே தெரியும். ஃபேனில் தூசி அடைத்தால் உள்ளே சூடு இன்னும் ஏறும்.

மூன்றாவது, கோழிப்பண்ணைக்கே உரியது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு செம்பை அரிக்கும். டிஸ்கின் அடியில் ஒரு சிறு சர்க்யூட் போர்டு (மின்சுற்றுப் பலகை) இருக்கும். பண்ணை ஷெட்டை ஒட்டிய அறையில் சில வருடம் ஓடிய டிஸ்கைக் கடைக்காரர் கழற்றிக் காட்டினால் கவனியுங்கள். பளிச்சென்று இருக்க வேண்டிய தொடுபுள்ளிகள் கருத்துக் கிடக்கும். சில நேரம் பழுதே அவ்வளவுதான். அவற்றைத் துடைத்து மாட்டினாலே டிஸ்க் எழுந்துவிடும். ஆனால் அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

நான்காவது, அதிர்ச்சி. லேப்டாப்பை ஓடும் நிலையிலேயே லாரி கேபினில் தூக்கிப் போடுவது, வெளி டிஸ்கை மேசையிலிருந்து தவறவிடுவது. ஹெட் தட்டில் உரசுவது பெரும்பாலும் இப்படித்தான்.

டிஸ்க் கெடப்போகிறது என்று எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டர் திறக்கவே பத்து நிமிடம் ஆவது. ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் எல்லாம் உறைவது. நேற்று திறந்த ஃபைல் இன்று ‘படிக்க முடியவில்லை’ என்பது. நீலத் திரை அடிக்கடி வருவது. ஒருமுறை டிரைவ் தெரிந்து, மறுமுறை தெரியாமல் போவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் டிஸ்கைச் சந்தேகியுங்கள்.

சத்தத்துக்கும் பொருள் உண்டு. ஒரே சீரான ‘டக் டக்’, ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடும் சத்தம். ‘பீப்’ என்ற மெல்லிய முனகல், தட்டு சுற்ற முடியாமல் மோட்டார் திணறுவது. கரகரவென்று தேய்க்கும் சத்தம்தான் மிக மோசம். தட்டின் பூச்சு சுரண்டப்படுகிறது என்று பொருள். சுரண்டிய இடத்தில் இருந்த கணக்கு தூளாகிவிட்டது. அதை யாராலும் மீட்க முடியாது.

மெதுவாக மட்டும் இருக்கிறது, சத்தம் இல்லை. டிஸ்க்தானா, வைரஸா?

டிஸ்கையே கேட்கலாம். ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். அதற்கு ‘ஸ்மார்ட்’ (தன்னைத் தானே கண்காணிக்கும் ஏற்பாடு) என்று பெயர். அதைப் படித்துக் காட்ட ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேலே பெரிதாக ஒரு கட்டம் தெரியும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து.

கீழே உள்ள பட்டியலில் நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கே வரிகள். 05 என்ற வரி, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5, இப்போது படிக்க முடியாமல் திணறும் இடங்கள். சி6, பலமுறை முயன்றும் படிக்க முடியாதவை. கடைசிப் பத்தியில் இந்த மூன்றுக்கும் நேரே சுழி இருக்க வேண்டும். எண் இருந்தாலே கவனம். நாளுக்கு நாள் ஏறினால் அவசரம்.

நான்காவது சி7. இது ஏறினால் மகிழுங்கள். பெரும்பாலும் பழுது டிஸ்கில் இல்லை, கேபிளில் இருக்கிறது. கேபிளை மாற்றினால் தீரும்.

எல்லாம் சுழி. அப்படியானால் பயமில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. கூகுள் நிறுவனம் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. செத்துப்போன டிஸ்குகளில் நூற்றுக்கு 36க்கும் மேல், வெப்பநிலை தவிர வேறு எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்திருந்தன.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். உள்சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் கெட்டுப்போகும் வாய்ப்பு மற்ற டிஸ்குகளைவிட 39 மடங்கு. ஆக, ஸ்மார்ட் ‘கெட்டது’ என்றால் நம்புங்கள். ‘நல்லது’ என்றால் முழுதாக நம்பாதீர்கள்.

சந்தேகம் வந்துவிட்டது. எதையெல்லாம் செய்யக்கூடாது?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். டிஸ்க் கெட்டதால் போன கணக்கைவிட, கெட்ட பிறகு நாம் செய்த வைத்தியத்தால் போன கணக்கு அதிகம் இருக்கும்.

விண்டோஸை மறுபடி போடாதீர்கள். கடையில் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்: “விண்டோஸ் போயிருச்சுங்க. புதுசாப் போட்டுத் தரட்டுங்களா?” உங்கள் பதில்: “வேண்டாமுங்க. டேட்டாவை வேற டிஸ்க்ல எடுத்துட்டு, அப்புறம் போடுங்க.” புது விண்டோஸ் பழைய கணக்கின்மேலேயே உட்கார்ந்துவிடலாம்.

‘ஃபார்மட் செய்யவா?’ என்று திரை கேட்டால் ‘கேன்சல்’ அழுத்துங்கள். டிஸ்க் தன் பொருளடக்கத்தைப் படிக்க முடியாமல்தான் அப்படிக் கேட்கிறது. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கலாம்.

‘செக்டிஸ்க்’ (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு) ஓட்டாதீர்கள். நல்ல டிஸ்கில் அது மருந்து. சாகும் டிஸ்கில், படிக்க முடியாததை வெட்டி எறிந்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும். கம்ப்யூட்டர் திறக்கும்போது தானாகவே தொடங்கப் பார்த்தால், ‘தவிர்க்க ஏதாவது ஒரு கீயை அழுத்துக’ என்று சில விநாடி காட்டும். அப்போது அழுத்திவிடுங்கள்.

மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் ஏற்றாதீர்கள். நீங்கள் தேடும் ஃபைல் இருந்த இடத்திலேயே அந்த மென்பொருள் வந்து உட்காரலாம்.

டிஸ்கைத் தட்டாதீர்கள், குலுக்காதீர்கள், திருகாணியைக் கழற்றி மூடியைத் திறக்காதீர்கள். மூடியில் ஒரு சிறு துளை இருந்து, ‘மூடாதே’ என்று எழுதியிருந்தால் அதையும் அப்படியே விடுங்கள். வடிகட்டி வழியாக டிஸ்க் மூச்சுவிடும் வழி அது.

ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகுமாமே?

பழைய கைவைத்தியம் இது. குளிர்ந்த டிஸ்க் வெளியே வந்ததும், நம் ஊர்ச் சூட்டில் ஐஸ் வாட்டர் டம்ளர் வியர்ப்பதுபோல் வியர்க்கும். அந்த ஈரம் தட்டில் படிந்தால் ஹெட்டுக்கு அதுவே எமன். செய்யாதீர்கள்.

சரி, மீட்பை எங்கே தொடங்குவது?

முதலில் உங்கள் பழுது எந்த வகை என்று பாருங்கள். வகை மூன்று: டிஸ்க் நலம், ஃபைல் மட்டும் அழிந்தது; டிஸ்க் தள்ளாடுகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது; டிஸ்க் தெரியவே இல்லை, அல்லது சத்தம் போடுகிறது. மூன்றுக்கும் வழி வேறு.

முதல் வகை: தவறி அழித்துவிட்டேன் அல்லது ஃபார்மட் ஆகிவிட்டது

பயப்பட வேண்டாம். ஃபைலை அழிக்கும்போது கம்ப்யூட்டர் பொருளடக்கத்தில் அதன் வரியை மட்டும் அடிக்கிறது. பக்கம் அங்கேயே இருக்கும், அதன்மேல் வேறு ஒன்று எழுதப்படும் வரை. எனவே அந்த டிஸ்கில் வேலை செய்வதை உடனே நிறுத்துங்கள். வாட்ஸ்அப் வெப் திறப்பதுகூட எழுதுவதுதான்.

டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அங்கிருந்து ‘ரெகுவா’, ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘ஃபோட்டோரெக்’ போன்றவற்றால் தேடலாம். இவற்றை இலவசமாகவே பயன்படுத்தலாம். டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) மீட்கும். ஃபோட்டோரெக் ஃபைலின் உடலமைப்பை வைத்துத் தேடும். பெயர் போய்விடும், உள்ளடக்கம் வரும். கிடைத்ததை வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும்.

இரண்டாம் வகை: தள்ளாடும் டிஸ்க்

இங்கேதான் லோடு மாற்றும் வேலை. பழைய டிஸ்க் அளவோ அதைவிடப் பெரிதோ ஒரு புது டிஸ்க் வாங்குங்கள். பழையதை வேறு நல்ல கம்ப்யூட்டரில் இணையுங்கள். லேப்டாப் டிஸ்க் என்றால் யுஎஸ்பியில் மாட்டும் சிறு அடாப்டர் கடையில் கிடைக்கும். டிஸ்கைச் சமதளத்தில் வைத்து, மேலே டேபிள் ஃபேன் காற்றுப்படும்படி செய்யுங்கள்.

எதை முதலில் எடுப்பது? சிறியது, முக்கியமானது, வேறெங்கும் இல்லாதது. டாலியில் கணக்கு எழுதுபவர் என்றால் ‘டேட்டா’ ஃபோல்டருக்குள் எண்ணால் பெயரிட்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் கணக்கு. அந்த ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும். அடுத்து எக்செல் தாள்கள்: பேட்ச் வாரியான முட்டை உற்பத்தி, தீவனக் கலவை, பார்ட்டி பாக்கி, வண்டிகளின் எஃப்சி, பெர்மிட், இன்சூரன்ஸ் தேதிகள். பிறகு குடும்பப் படங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில், முடிந்தால் பார்க்கலாம்.

பேட்ச் கணக்கு அவ்வளவு முக்கியமா என்று பண்ணையாளர் கேட்க மாட்டார். முட்டைக்கோழி குஞ்சிலிருந்து கழிவாகும்வரை சுமார் ஒன்றரை வருடம். தடுப்பூசி, தீவனம், உற்பத்தி, இறப்பு எல்லாம் நாள்வாரியாக எழுதிய அந்தத் தாள் போனால், அடுத்த பேட்சை ஒப்பிட உங்களிடம் ஒன்றும் இல்லை.

காப்பி பாதியில் நின்றால்?

மறுபடி மறுபடி முயலாதீர்கள். விண்டோஸ் ஒரு கெட்ட இடத்தில் மாட்டினால் அதையே திரும்பத் திரும்பச் சுரண்டும். நல்ல இடங்களை எடுப்பதற்குள் டிஸ்க் செத்துவிடும்.

இதற்கென்றே ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது லினக்ஸில் ஓடும். லினக்ஸ் என்றதும் மலைக்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்று ஒன்று வந்ததே, அந்த இனம்தான். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டலாம். கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டியதில்லை.

டிடிரெஸ்க்யூ ஃபைல் ஃபைலாக எடுக்காது. டிஸ்க் முழுவதையும் ஓர் ‘இமேஜ்’ (அச்சு அசல் நகல்) ஆக எடுக்கும். முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் வேகமாக அள்ளும். கெட்ட இடம் வந்தால் குறித்துக்கொண்டு தாண்டிப்போகும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து, விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். கதிர் அறுத்த வயலில் பிறகு வந்து சிந்திய மணியைப் பொறுக்குவதுபோல.

எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு தனிக் குறிப்பு ஃபைல் வைத்துக்கொள்ளும். வேறொருவர் செய்து தந்தால் அந்த ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறிப்பு இல்லாவிட்டால் முதலிலிருந்துதான்.

ஓர் எச்சரிக்கை. எது பழைய டிஸ்க், எது புது டிஸ்க் என்பதை இரண்டு பேர் சேர்ந்து சரிபாருங்கள். திசை மாறிப்போனால் காலி டிஸ்கின் வெறுமை உங்கள் கணக்கின்மேல் எழுதப்படும். இந்தக் கருவியைப் பழகாதவர் தெரிந்தவரை வைத்துச் செய்வதே நல்லது.

எவ்வளவு நேரம் ஆகும்? விநாடிக்கு 100 எம்பி வீதம் ஓடும் நல்ல டிஸ்கிலிருந்து 1 டிபி எடுக்கவே மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பழுதான டிஸ்க் என்றால் ஒரு நாளும் ஆகலாம், பல நாளும் ஆகலாம். ‘சாயங்காலம் தர்றீங்களா?’ என்று அவசரப்படுத்தாதீர்கள்.

நகல் கிடைத்ததும் பழைய டிஸ்கைக் கழற்றி உறையில் போட்டு வையுங்கள். மீட்பு, சரிபார்ப்பு, சோதனை எல்லாம் இனி நகலில்தான்.

மூன்றாம் வகை: தெரியவே இல்லை, அல்லது சத்தம்

இது உங்கள் வேலையும் அல்ல, பக்கத்துக் கடையின் வேலையும் அல்ல. இதற்குத் தூசியே இல்லாத ‘கிளீன் ரூம்’ (வடிகட்டிய காற்று அறை) உள்ள டேட்டா ரெகவரி நிலையம் வேண்டும். அவை பெரிய நகரங்களில்தான் இருக்கும். அதே மாடல் டிஸ்க் இன்னொன்றை வாங்கி, அதன் ஹெட்டை எடுத்து உங்கள் டிஸ்கில் மாற்றுவார்கள். கணக்கை எடுக்கும்வரை ஓடினால் போதும், அதற்குத்தான் அந்த மாற்று.

‘போர்டு மட்டும் மாற்றினால் போதாதா?’ அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் முன்பெல்லாம் ஓடியது. இப்போதைய டிஸ்குகள் பலவற்றில் ஒவ்வொரு போர்டின் சிப்பிலும் அந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் பதிந்திருக்கும். சிப்பையும் மாற்றி ஒட்டாமல் வேலைக்கு ஆகாது.

அங்கே கேட்க வேண்டியவை இவை. பார்த்துச் சொல்ல எவ்வளவு? டேட்டா வராவிட்டால் பணம் உண்டா? டிஸ்கை இங்கேயே திறக்கிறீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா? எடுத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டிய பிறகு பணம் தரலாமா? என் டேட்டாவின் நகல் உங்களிடம் எத்தனை நாள் இருக்கும்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

செலவு புது டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். உள்ளே இருப்பதற்கு அந்த மதிப்பு உண்டா என்பது உங்கள் முடிவு. அனுப்பும்போது நிலைமின்சாரம் தாக்காத உறையில் போட்டு, நான்கு பக்கமும் பஞ்சு அணை கொடுத்துக் கட்டுங்கள். முட்டை அட்டைக்குத் தரும் மரியாதையைக் கொடுத்தால் போதும்.

இவ்வளவு கெட்டதிலிருந்து எடுக்க முடியுமா? 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் வானில் சிதறியது. டெக்சாஸில் விழுந்த துண்டுகளுக்கு நடுவே கருகிய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. மீட்பு நிறுவனம் ஒன்று அதிலிருந்து ஓர் அறிவியல் சோதனையின் பதிவுகளை ஏறக்குறைய முழுவதும் எடுத்தது. வானத்திலிருந்து விழுந்த டிஸ்க் பிழைத்தது. அதன் தட்டில் கணக்கு இருந்த பகுதி சேதப்படவில்லை. மேசையில் கரகரவென்று அரை மணி நேரம் ஓடவிட்ட டிஸ்க் பிழைக்காது.

தண்ணீர் புகுந்துவிட்டால்?

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்தால் குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரத்தில் தண்ணீர் ஏறும். நனைந்த டிஸ்கை வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், ‘ஓடுதா பார்க்கலாம்’ என்று மின்சாரம் கொடுக்காதீர்கள். காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டி நிலையத்துக்கு அனுப்புங்கள்.

என்னுடையது எஸ்எஸ்டி. எனக்கு இதெல்லாம் வேண்டாமா?

எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) சத்தம் வராது. அதுதான் அதன் சிக்கலும். நேற்றுவரை நன்றாக ஓடி, இன்று காலை காணாமல் போகும். அழித்த ஃபைலை மீட்பதும் கடினம். அழித்த இடத்தைக் காலி செய்துவிடு என்று விண்டோஸே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும்.

புது லேப்டாப் என்றால் இன்னொன்றும் பாருங்கள். பல விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் 48 இலக்கச் சாவி இல்லாமல் யார் எடுத்துக் கொடுத்தாலும் குப்பைதான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

வாரன்டி இருக்கிறதே?

வாரன்டி டிஸ்குக்குத்தான், கணக்குக்கு இல்லை. பழைய டிஸ்கை வாங்கிக்கொண்டு வேறு டிஸ்க் தருவார்கள். உங்கள் கணக்கும் பழைய டிஸ்கோடு போய்விடும். எனவே டேட்டாவை எடுத்த பிறகே வாரன்டிக்குக் கொடுங்கள்.

எதுவும் கிடைக்கவில்லை. இனி?

எல்லாம் போய்விடவில்லை. தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் போர்ட்டலில் இருக்கும். இ-வே பில்கள் அதன் தளத்தில் இருக்கும். வங்கி அறிக்கையை மறுபடி வாங்கலாம். பார்ட்டிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்கள் உங்கள் போனிலோ அவர்கள் போனிலோ கிடக்கும். ஆடிட்டரிடம் போன வருட டாலி நகல் இருக்கலாம். முதல் போன் அவருக்குப் போடுங்கள்.

இதைச் சோம்பலாக விட முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கம்பெனிச் சட்டப்படி 8 வருடம். ‘டிஸ்க் போய்விட்டது’ என்பது நோட்டீஸுக்குப் பதில் ஆகாது.

நான்தான் பேக்கப் வைத்திருக்கிறேனே, டி டிரைவில்?

இந்தப் பதிலைத்தான் அதிகம் கேட்கிறோம். சி, டி, இ என்று திரையில் மூன்று தெரிந்தாலும், பெரும்பாலான கம்ப்யூட்டரில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். ஒரே வீட்டுக்குள் மூன்று அறை. வீடு இடிந்தால் எந்த அறையும் மிஞ்சாது. டி டிரைவில் இருப்பது பேக்கப் (மாற்றுப் பிரதி) அல்ல.

உலகம் முழுக்கச் சொல்லும் எளிய விதி 3-2-1. பிரதி மூன்று, இரண்டு வகைப் பொருளில், அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. உங்களுக்கு அது இப்படி இருக்கும்: பண்ணை அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒன்று, வீட்டு பீரோவில் இருக்கும் வெளி டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று.

வெளி டிஸ்கைக் கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைக்காதீர்கள். இடி இறங்கினாலும், கணக்கைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். காப்பி எடுத்ததும் கழற்றுங்கள். முடிந்தால் இரண்டு டிஸ்க் வைத்து வாரம் மாற்றி வாரம் எடுங்கள்.

கெட்ட பழைய டிஸ்கைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உங்களால் படிக்க முடியாதது இன்னொருவரால் முடியலாம். தட்டு நொறுங்கும்படி உடைத்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. இன்று சாயங்காலம் முட்டை லோடு ஏறிய பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கணக்கை வெளி டிஸ்கில் எடுங்கள். அத்தோடு எழுந்துவிடாதீர்கள், அந்த டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, போன மாதத்துப் பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.